கொடுக்கப் பாதிக் கை போதும், திரும்ப வாங்க மூன்றில் இரண்டா? கலிபோர்னியாவில் ஓட்டுப் போடும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் வீடு வாங்கி, குடியுரிமை வாங்கி, தேர்தலுக்குத் தேர்தல் தபாலில் வரும் வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்பும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

2022இல் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தோம். கடை வாசலில் மடக்கு மேசை போட்டு ஓர் இளைஞர் நின்றிருந்தார். வரி ஏறாமல் தடுக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். எங்களோடு வந்த மூன்று குடும்பங்களும் வரிசையாகப் போட்டன. நானும் போட்டேன். வீட்டுக்கு வந்து சாமான்களை எடுத்து வைத்த பிறகுதான் அது என்ன மனு என்று தேடிப் படித்தேன்.

படித்ததும் மனம் சரியில்லை. மாநிலச் சட்டமன்றம் ஒரு வரியை ஏற்ற வேண்டுமானால் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது இங்கே ஏற்கெனவே உள்ள விதி. அது போதாது, அதற்கு மேல் மக்களிடமும் ஓட்டுக்கு விட வேண்டும் என்றது அந்த மனு. போதுமான கையெழுத்து சேர்ந்து, 2024 நவம்பர் வாக்குச்சீட்டில் இடமும் பிடித்தது. 2024 ஜூனில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இது அரசியலமைப்பில் ஒரு திருத்தம் அல்ல, ஆட்சி நடக்கும் முறையையே மாற்றி எழுதுவது, மனு மூலம் இதைச் செய்ய முடியாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அந்த மனு போய்விட்டது. ஆனால் மேசை மீண்டும் வரும், வேறு பெயரில் வரும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் "பிராப் 13க்கு ஆபத்து" என்று ஒரு செய்தி வந்தால் போதும் (பிராப் என்பது மக்கள் ஓட்டுக்கு வரும் முன்மொழிவு; 13 என்பது 1978இல் சொத்து வரிக்கு வரம்பு போட்டது), அடுத்த ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் அதைப் பகிர்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுதுவது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த மூன்றில் இரண்டு விதியை வைத்திருப்பதும் மாற்றுவதும் கடைசியில் வாக்காளர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுச் சொத்து வரியைப் பற்றி நான் பேச வரவில்லை. பிராப் 13 என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் சட்டத்துக்குள் பல துண்டுகள் உண்டு. சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ஒன்று. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்பது இன்னொன்று. இவை இரண்டும் வீட்டுக்காரருக்கானவை. மூன்றாவது துண்டு யார் கண்ணிலும் படுவதில்லை. அரசியலமைப்பின் 13ஏ பிரிவில் மூன்றாம் கூறாக அது உட்கார்ந்திருக்கிறது. மாநில வரி எதை ஏற்றுவதானாலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது அதுதான். வருமான வரி, விற்பனை வரி, கம்பெனி வரி, பெட்ரோல் வரி எல்லாமே இதற்குள் வரும். நான் பேசுவது இந்த மூன்றாவது துண்டைப் பற்றி மட்டும்.

1978இல் இது ஏன் வந்தது என்பதை மரியாதையோடு புரிந்துகொள்ள வேண்டும். எழுபதுகளில் இங்கே வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. விலையைப் பார்த்து மதிப்பீட்டு அலுவலகம் வரியை ஏற்றியது. பணி ஓய்வு பெற்று, ஓய்வூதியத்தில் வாழ்ந்த வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்க முடியாத நிலை வந்தது. அதே நேரத்தில் மாநிலக் கருவூலத்தில் பில்லியன் கணக்கில் உபரி. மக்கள் கோபப்பட்டதில் என்ன தவறு? ஹோவர்ட் ஜார்விஸும் பால் கானும் கையெழுத்துத் திரட்டினார்கள். 1978 ஜூன் 6 அன்று பிராப் 13 வென்றது. எனக்கு எதிர் வீட்டில் அந்தக் காலத்திலிருந்து இருக்கும் ஒரு பாட்டி உண்டு. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் கணவர் போன பிறகு வீட்டை விற்றிருப்பேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

ஆனால் பாட்டியின் வீட்டைக் காப்பாற்றியது முதல் இரண்டு துண்டுகள். மூன்றாவது துண்டு வேறு காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டது. சொத்து வரியில் இழந்ததை மாநிலம் வேறு வரியாகப் போட்டு ஈடுகட்டிவிடக் கூடாது என்று அந்தப் பக்கத்துக் கதவையும் அடைத்தார்கள். அந்தத் தேர்தலில் பிராப் 13க்குக் கிடைத்த ஆதரவு 64.8 விழுக்காடு. பெரிய வெற்றிதான். ஆனாலும் மூன்றில் இரண்டுக்குக் குறைவு. இனி வரி விஷயத்தில் மூன்றில் இரண்டு வேண்டும் என்று எல்லாத் தலைமுறைக்கும் விதித்த சட்டம், அந்த அளவை எட்டாமலே நிறைவேறியது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எண்ணிக்கை எளிது. அசெம்ப்ளியில் 80 பேர், செனட்டில் 40 பேர். சாதாரணச் சட்டத்துக்கு 41ம் 21ம் போதும். வரி ஏற்ற 54ம் 27ம் வேண்டும். அதாவது செனட்டில் 14 பேர் தலையாட்டாவிட்டால் மாநிலம் முழுவதும் நின்றுவிடும். இது நடந்தும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு வந்தவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் வந்து இறங்கியது 2008 கோடையில். சில மாதத்திலேயே பொருளாதாரம் சரிந்தது. மாநிலத்துக்கு 40 பில்லியன் டாலருக்கும் மேல் பற்றாக்குறை வந்தது. செலவையும் வெட்ட வேண்டும், கொஞ்சம் வரியும் ஏற்ற வேண்டும் என்பதில் ஆளுநர் ஷ்வார்ஸநெக்கருக்கும் இரு கட்சித் தலைவர்களுக்கும் உடன்பாடு வந்துவிட்டது. ஆனால் 27ஆவது ஓட்டு கிடைக்கவில்லை. பிப்ரவரி நடுவில் செனட்டைப் பூட்டி உறுப்பினர்களை உள்ளேயே இரவு பகலாக உட்கார வைத்தார்கள். அந்த நேரத்தில், உடன்பாட்டில் கையெழுத்திட்ட குடியரசுக் கட்சி செனட் தலைவரை அவர் கட்சிக்காரர்களே நள்ளிரவில் பதவியிலிருந்து இறக்கினார்கள். சமரசம் செய்தவருக்குக் கிடைத்த பரிசு அது. கடைசியில் ஏபல் மால்டனாடோ என்ற ஒரே ஒரு செனட்டர் மீது மொத்த மாநிலத்தின் கண்ணும் போனது. குடுமி அவர் கையில். அவர் தன் நிபந்தனைகளைச் சொன்னார். கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது.

அதில் ஒன்று, பிரைமரி தேர்தலை மாற்றி அமைக்கும் அரசியலமைப்புத் திருத்தம். இன்று பிரைமரியில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் இருக்கிறார்கள், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போகிறார்கள் அல்லவா? 2010இல் பிராப் 14ஆக மக்கள் ஒப்புக்கொண்ட அந்த முறை வாக்குச்சீட்டுக்கு வந்தது இந்த ஒரு ஓட்டின் விலையாகத்தான். முறை நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தேர்தல் முறைக்கும் பட்ஜெட் பற்றாக்குறைக்கும் என்ன சம்பந்தம்? அவரது இன்னொரு நிபந்தனை, திட்டத்தில் இருந்த காலனுக்கு 12 செண்ட் பெட்ரோல் வரியை எடுத்துவிட வேண்டும் என்பது. எடுத்துவிட்டார்கள். இந்த 12 செண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

அத்தனை பாடுபட்டும் பள்ளம் மூடவில்லை. கோடையில் மறுபடி பணம் தீர்ந்தது. ஜூலை 2 முதல் மாநிலம் காசோலைக்குப் பதிலாகக் கடன் சீட்டு கொடுக்க ஆரம்பித்தது. "உனக்கு இவ்வளவு தர வேண்டும், பிறகு தருகிறேன்" என்று உலகின் மிகப் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று எழுதிக் கொடுத்த சீட்டு. வரி திரும்ப வர வேண்டியவர்கள், மாநிலத்துக்குச் சரக்கு கொடுத்த சிறு வியாபாரிகள், கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்கள் கைக்கு அதுதான் வந்தது. சில நாளில் பெரிய வங்கிகள் அதை வாங்க மாட்டோம் என்றன. அரசு ஊழியர்களுக்கு மாதம் மூன்று நாள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு. எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு தமிழ் நண்பர் சிறிய அச்சகம் வைத்திருந்தார். ஓர் அரசு அலுவலகத்துக்குப் படிவம் அச்சடித்துக் கொடுத்தவருக்கு வந்த சீட்டை என் சமையலறை மேசையில் வைத்துக் காட்டினார். தாள் வாங்கிய கடைக்காரருக்கு இதைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் மனைவி அப்போது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்திருந்தார். ஒரே ஆண்டில் இரண்டு முறை கட்டணம் ஏறியது. அவர் எடுக்க வேண்டிய ஒரு பாடம் அந்தப் பருவத்தில் நடக்கவே இல்லை, பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த நவம்பரில் யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு 32 விழுக்காடு கட்டண உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. வரி என்று பெயர் வைத்திருந்தால் மூன்றில் இரண்டு வேண்டும். கட்டணம் என்று பெயர் வைத்ததால் வேண்டாம். பணம் என்னவோ நம் பையிலிருந்துதான் போயிற்று. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, இங்கே அந்த ஆண்டி கல்லூரி மாணவன்.

சரி, 12 செண்டுக்கு வருகிறேன். எட்டு ஆண்டு கழித்து, 2017 ஏப்ரலில், சாலைப் பராமரிப்புக்காக எஸ்பி 1 என்ற சட்டம் வந்தது. பெட்ரோலுக்குக் காலனுக்கு 12 செண்ட். பத்து ஆண்டில் 52 பில்லியன் டாலர். செனட்டில் 27 ஓட்டு, அசெம்ப்ளியில் 54 ஓட்டு, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவர் எதிர்த்ததால் குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர் தேவைப்பட்டார். ஆண்டனி கனெல்லா வந்தார். அவருடைய பகுதிக்கு ஏஸ் ரயில் பாதையை நீட்டிக்க 400 மில்லியன், மெர்செட் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலைக்கு 100 மில்லியன். ஊசலாடிக்கொண்டிருந்த வேறு இரு உறுப்பினர்களின் ரிவர்சைட் பகுதிக்கு 427 மில்லியன். அந்த ரயிலும் சாலையும் தேவையானவையாகவே இருக்கலாம். ஆனால் அவை முன்னுரிமை பெற்றது தேவையை எடைபோட்டு அல்ல, ஓட்டுக்கு வந்த தட்டுப்பாட்டால்.

இந்த விதியை ஆதரிப்பவர்கள், மூன்றில் இரண்டு என்றால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவார்கள், பரந்த சம்மதம் உருவாகும், அரசு சிக்கனமாக இருக்கும் என்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன இரண்டு சம்பவத்திலும் நடந்தது பரந்த சம்மதம் அல்ல. கடைசி ஒன்றிரண்டு பேரின் ஓட்டுக்கு விலை ஏறியது, அந்த விலையும் நம் வரிப்பணத்தில்தான் கொடுக்கப்பட்டது. பாதிக்கு மேல் ஒன்று என்றாலும் கடைசி ஓட்டுக்குப் பேரம் உண்டுதான். ஆனால் அங்கே ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போகலாம். மூன்றில் இரண்டில் போக்கிடம் குறைவு, அதனால் விலை அதிகம்.

இதையெல்லாம்விட என்னை வாட்டுவது இன்னொன்று. இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வரியை ஏற்ற மூன்றில் இரண்டு வேண்டும். குறைக்க? பாதிக்கு மேல் ஒன்று போதும். ஒரு துறைக்கு, ஒரு வகைக் கம்பெனிக்குச் சலுகை கொடுக்க? அதற்கும் பாதிக்கு மேல் ஒன்று போதும். கொடுத்த சலுகை பயன் தரவில்லை என்று பிறகு தெரிந்து அதைத் திரும்ப எடுக்க நினைத்தால், அது "வரி ஏற்றம்" ஆகிவிடுகிறது. மூன்றில் இரண்டு வேண்டும். உள்ளே போவதற்கு அகலமான வாசல், வெளியே வர ஊசித் துவாரம். ஒருமுறை சட்டத்தில் ஏறிய சலுகை, அது நல்லதோ வீணோ, கிட்டத்தட்ட நிரந்தரமாகிவிடுகிறது.

2009 பிப்ரவரி உடன்பாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. வரி ஏற்றத்துக்கு ஓட்டு சேர்க்கும் பேரத்தில், பல மாநிலங்களில் இயங்கும் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை எழுதப்பட்டது. தங்கள் லாபத்தில் எவ்வளவு கலிபோர்னியாவுக்கு உரியது என்று கணக்கிட இரண்டு சூத்திரங்கள். எதில் வரி குறைகிறதோ அதை ஒவ்வோர் ஆண்டும் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இங்கே ஆட்களை வேலைக்கு எடுப்பவர்களைவிட, வெளியே இருந்துகொண்டு இங்கே விற்பவர்களுக்கு இது லாபம். மாநிலத்துக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு பில்லியன் டாலர் நட்டம். மக்கள் கடன் சீட்டு வாங்கிய அதே ஆண்டில் எழுதப்பட்ட சலுகை இது. தவறு என்று புரிந்து சட்டமன்றத்தில் திருத்த முயன்றார்கள். பெரும்பான்மை இருந்தது, மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. கடைசியில் 2012 நவம்பரில் பிராப் 39 என்று மக்களிடம் வந்து, 61 விழுக்காடு ஆதரவோடு திருத்தப்பட்டது. ஒரு கணக்குச் சூத்திரத்தைச் சரிசெய்ய மாநிலம் தழுவிய பிரசாரம் தேவைப்பட்டது. அதற்குப் பெரும் பணம் போட ஒரு செல்வந்தர் முன்வந்தார், நடந்தது. யாரும் முன்வராத சலுகைகள் எத்தனை அப்படியே கிடக்கின்றன?

வாகன வரியின் கதையும் இதேதான். 1998இல் தொடங்கி, வண்டி மதிப்பில் 2 விழுக்காடாக இருந்ததைப் படிப்படியாக 0.65 ஆக்கினார்கள். டாட்காம் காலம், கருவூலம் நிரம்பி வழிந்தது. காலம் மாறி, 2003இல் ஆளுநர் கிரே டேவிஸின் நிர்வாகம் பழைய விகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மக்கள் அவரையே பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். அடுத்து வந்த ஷ்வார்ஸநெக்கர் பதவியேற்ற அன்றே அதை ரத்து செய்தார். ஆண்டுக்குச் சுமார் 4 பில்லியன் டாலர் ஓட்டை அன்று விழுந்தது. கோபத்தில் செய்ததை நிதானத்தில் சரிசெய்யலாம் என்றால், அதற்கும் மூன்றில் இரண்டு வேண்டும்.

2010இல் இந்தப் பூட்டு இன்னும் இறுகியது. பிராப் 26 என்று ஒன்று 52.5 விழுக்காடு ஆதரவோடு வென்றது. அதுவரை, மொத்த வருவாய் கூடாதவரை சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு வரியைக் குறைத்து இன்னொன்றை ஏற்றிச் சமன்செய்ய முடிந்தது. பிராப் 26க்குப் பிறகு, ஒரே ஒரு வரி செலுத்துபவர் முன்பைவிட அதிகம் கட்ட நேர்ந்தாலும் மூன்றில் இரண்டு வேண்டும். 99 பேருக்கு வரியைக் குறைத்து ஒரு கம்பெனிக்கு மட்டும் ஏற்றினாலும் அதுதான் விதி. பல கட்டணங்களையும் வரி என்ற வகைக்குள் கொண்டுவந்தது. இந்த வாசகங்களை வாக்காளர் கையேட்டில் நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

நம்மூரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இந்தியாவில் மக்களவையில் நிதி மசோதா சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறுகிறது. ஜிஎஸ்டி மன்றத்தில் மட்டும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதில் ஒன்றியத்தின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஒன்றியம் மறுத்தால் எதுவும் நகராது என்று தமிழ்நாட்டில் நியாயமான மனக்குறை உண்டு. அந்த மன்றத்தை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை, அது சட்டமன்றமும் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் அது நேராக இருக்கிறது. விகிதத்தை ஏற்றுவதற்கும் குறைப்பதற்கும் அங்கே ஒரே அளவுதான். இங்கே தராசின் ஒரு தட்டில் மட்டும் கல்லைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டுக்குள்ளேயே வருகிறேன். பள்ளிக் கட்டடம் கட்ட உள்ளூரில் கடன் பத்திரம் போட 55 விழுக்காடு வாக்காளர் ஆதரவு போதும், 2000இல் அப்படி இறக்கினார்கள். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நின்று பாடம் எடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க மனை வரி (ஒரு மனைக்கு இவ்வளவு என்று போடும் parcel tax) போட வேண்டுமானால், பொதுவாக மூன்றில் இரண்டு வேண்டும். அதுவும் அதே 13ஏ பிரிவுதான், நான்காம் கூறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் அப்படி ஒரு மனை வரி ஓட்டுக்கு வந்தது. 63 விழுக்காடு பேர் வேண்டும் என்றார்கள். தோற்றது. நூலகர் போனார், இசை ஆசிரியர் வாரம் ஒரு நாள் என்று ஆனார். என் மகள் வயலினை வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு நாமே குடும்பத்துக்கு இவ்வளவு என்று பெற்றோர் சங்கத்துக்கு நன்கொடை எழுதினோம். வசதி உள்ள ஊரில் அது முடிந்தது. நம் தமிழ்ப் பள்ளியில் என் மகளோடு படிக்கும் ஒரு பையனின் குடும்பம் வேறு ஊரில் வாடகைக்கு இருக்கிறது. அவன் பள்ளியில் அப்படி எழுதித் தர ஆளில்லை.

ஓர் அண்ணன் என்னிடம் சூடாகவே வாதாடினார். "இவர்களை நம்பி எப்படித் திறந்துவிடுவது? ஏற்கெனவே இங்கே வருமான வரி நாட்டிலேயே உச்சம். பூட்டை எடுத்தால் ஆண்டுக்கு ஒரு வரி போடுவார்கள்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் வரிப்பணம் வீணாகும் இடங்களை நானும் பார்க்கிறேன், எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் 2018 தேர்தலிலிருந்து ஜனநாயகக் கட்சி ஒன்றுக்கே இரு அவைகளிலும் மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கிறது. எண்ணிக்கைப்படி பார்த்தால் பூட்டின் சாவி அவர்களிடமே இருக்கிறது. அண்ணன் பயப்படும் கட்சியை இந்த விதி இன்று தடுக்கவில்லை. அது காப்பாற்றுவது ஏற்கெனவே எழுதப்பட்ட சலுகைகளையும், கடைசி ஓட்டை வைத்திருப்பவரின் பேரத்தையும்தான்.

உச்ச விகிதத்துக்கும் இந்த விதிக்கும்கூடத் தொடர்பு உண்டு. சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு கிடைக்காததால் 2012இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் பிராப் 30ஐ நேராக மக்களிடம் கொண்டுபோனார். பொது வாக்கெடுப்பில் எளிதாக வெல்லும் வரி எது? அதிகம் சம்பாதிக்கும் சிலர் மீதான வரி. அதுதான் வந்தது, 2016இல் 2030 வரை நீட்டிக்கவும் பட்டது. விளைவு, மாநிலத்தின் வருமான வரியில் பாதியை நெருங்கும் பங்கு சில ஆண்டுகளில் மேலே உள்ள ஒரு விழுக்காட்டினரிடமிருந்து வருகிறது. பங்குச் சந்தை ஏறினால் உபரி, இறங்கினால் வெட்டு. எல்லா வரியையும் ஒன்றாக வைத்து, அகலமாகவும் குறைவாகவும் திருத்தி அமைக்கத்தான் சட்டமன்றம் இருக்கிறது. அப்படித் திருத்தினால் யாரோ ஒருவருக்கு ஒரு டாலர் கூடும். உடனே மூன்றில் இரண்டு. அதனால் யாரும் தொடுவதில்லை.

பூட்டை எடுத்தால் வானம் இடிந்துவிடுமா என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2010 வரை பட்ஜெட் நிறைவேறவே இங்கே மூன்றில் இரண்டு வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட் 100 நாள் தாமதமாக, அக்டோபரில் கையெழுத்தானது. அதே நவம்பரில் பிராப் 25 மூலம் பட்ஜெட்டுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று மாற்றினோம். ஜூன் 15க்குள் முடிக்காவிட்டால் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றும் சேர்த்தார்கள். அதன்பிறகு மாதக்கணக்கில் இழுபறி என்ற பேச்சே இல்லை. பட்ஜெட்டில் பிடிக்காதது இருந்தால் யாரைக் கேட்பது என்று இப்போது தெரிகிறது. ஆளும் தரப்பு முழுப் பொறுப்பு ஏற்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். வரி விஷயத்தில் இன்னும் இவர் அவரைக் காட்டலாம், அவர் இவரைக் காட்டலாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே அளவு வையுங்கள். சலுகையைத் திரும்ப எடுக்க மூன்றில் இரண்டு வேண்டுமென்றால், கொடுக்கவும் மூன்றில் இரண்டு வேண்டும். கொடுக்கப் பாதி போதுமென்றால், எடுக்கவும் பாதி போதும். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம். ஆனால் முதலாவதையும் ஏற்றுக்கொள்வேன். இதோடு, எந்தச் சலுகையானாலும் சில ஆண்டில் தானாகக் காலாவதியாகி, மறுபடி ஓட்டுக்கு வந்து பிழைக்க வேண்டும் என்று எழுதினால் இன்னும் நல்லது. சினிமாத் துறைக்கான சலுகையை 2025இல் ஆண்டுக்கு 330 மில்லியனிலிருந்து 750 மில்லியன் டாலராக உயர்த்தினார்கள். அது வேலைகளைக் காப்பாற்றுமானால் மிகுந்த மகிழ்ச்சி. காப்பாற்றியதா என்று பார்த்துத் தொடரும் வழி எல்லாச் சலுகைக்கும் இருக்க வேண்டும்.

இது கனவு அல்ல. அரசியலமைப்பைத் திருத்த இரண்டு வழி உண்டு. சட்டமன்றம் மூன்றில் இரண்டு ஓட்டில் வாக்குச்சீட்டில் வைக்கலாம். அல்லது கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டில் 8 விழுக்காடு அளவுக்குக் கையெழுத்துத் திரட்டி நாமே வைக்கலாம். வாக்குச்சீட்டில் வந்துவிட்டால் பாதிக்கு மேல் ஓர் ஓட்டு போதும். ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ரமோன், இர்வைன் என்று நாம் கணிசமாக வாழும் தொகுதிகளின் அசெம்ப்ளி உறுப்பினர்கள் நம் பொங்கல் விழாவுக்கு வந்து "வணக்கம்" சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை மேடைக்குப் பின்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே அளவு வைக்க நீங்கள் தயாரா? பதிலை எனக்கும் சொல்லுங்கள். எங்கள் ஊர் உறுப்பினருக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் தருகிறேன். உங்கள் சொல்லில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 10க்குள் சொத்து வரியின் முதல் தவணை கட்ட வேண்டும். வரி பில் வந்ததும் 1 விழுக்காடு என்று போட்டிருக்கும் இடத்தோடு நிறுத்தாமல் கீழேயும் படியுங்கள். பள்ளிக் கடன் பத்திரம், மனை வரி, இன்னும் என்னென்ன என்று வரிசையாக இருக்கும். எங்கள் பில்லில் பதினொன்று இருந்தது. உங்களுடையதில் எத்தனை என்று எண்ணி, தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது சொல்லுங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
ஃப்ரீமான்ட்டிலிருந்து உங்களில் ஒருவன்